கிரயத்தின் பக்கம்

பேரே நம்புவேல்.
டேங்க் கவருக்குள் யார் யார் வீட்டுச் சாவியோ குலுங்க
வேதாளை விலக்கில் காத்திருந்தார்.
"உச்சிவெயில்ல பாக்கணும் தங்கச்சி,
அப்பத்தான் வீடு பொய் சொல்லாது."

மண்டபம் ஐஸ் கம்பெனியில்
பன்னிரண்டு வருசமாகக் கணக்கெழுதுகிறேன்.
ஏற்றியது எவ்வளவு, உருகியது எவ்வளவு என்று
தினமும் நேர்செய்கிறவள்.
இந்த மனிதரை எந்தப் பத்தியில் எழுதுவதென்று
அன்றைக்குத் தெரியவில்லை.

முதல் வீடு உச்சிப்புளியில்.
பத்திரம் பெரியவர் பெயரில்,
பெரியவர் கபர்ஸ்தானில்,
வாரிசுகள் ஏழு பேர் ஏழு ஊரில்.
"எல்லாக் கையெழுத்தும் வாங்குறதுக்குள்ள
உங்களுக்கு வயசாயிரும்."
வண்டியைத் திருப்பிவிட்டார்.

அடுத்தது புதுமடத்தில்.
மாடி, டைல்ஸ், ஜன்னல் நிறையக் கடல்.
நான் மயங்கி நிற்கையில்
கிணற்றில் வாளி இறக்கி
ஒரு வாய் கொப்பளித்து
வேலிப்பக்கம் துப்பினார்.
விற்கிறவர் அவருக்கு மச்சான் முறையாம்.
திரும்பும் வழியில்தான் சொன்னார்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.
அதன் வில்லங்கச் சான்று பதினோரு பக்கம்.

நாலாவது, இது.
ரெண்டு அறை, மூன்றே கால் சென்ட்,
கிழக்கே எட்டுப் பனை,
கிணற்றில் நல்ல தண்ணீர்.
இந்தக் கரையில் அதற்குமேல்
ஒரு வீட்டைப் புகழ முடியாது.

தாய்ப் பத்திரம் எங்கே என்று
கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.
பட்டாவில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும்,
அலைக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர்,
லோன் ஆபீசர் எந்தக் கிழமை சிரிப்பார்,
எல்லாம் மனப்பாடம்.

விலை பேசிய அன்று
என்னை வேம்படியில் நிறுத்திவிட்டு
உள்ளுக்கும் வெளிக்குமாய் ஐந்து நடை.
என்னிடம்,
"இதுக்குக் கீழ எறங்க மாட்டாக."
உள்ளே என்ன சொன்னாரென்று
ஜன்னல் வழியே கேட்டது:
"இதுக்கு மேல ஏற மாட்டாக."

டீக்கடையில் கேட்டேவிட்டேன்.
என்கிட்ட ரெண்டு பர்சென்ட்,
அவுககிட்டயும் ரெண்டு.
நீங்க யாரு பக்கம்ணே?
கிளாசை ஆற்றிக்கொண்டே சொன்னார்,
"நான் கிரயத்து பக்கம் தங்கச்சி.
கிரயம் முடியலைன்னா
உங்க ரெண்டு பேருக்கும் நான் யாரோ."
இப்படி ஒளிக்காமல் ஒருவர் சொன்னால்
கணக்கெழுதுகிறவள் என்ன செய்வாள்?
டோக்கன் அட்வான்சை எண்ணிக் கொடுத்தேன்.

ராமநாதபுரம் பதிவாபீசில்
"மடுத்தீன் மகள் பிரகாசி" என்று
பத்திர எழுத்தர் உரக்கப் படித்தார்.
அப்பா பெயரோடு சேர்ந்து என் பெயர் ஒலித்தது
பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றுதான்.
கைரேகை மெஷினில்
வேர்த்த விரல் மூன்று தடவை விழவில்லை.
கர்ச்சீப்பை நீட்டினார் நம்புவேல்.

கார்த்திகை மழையில்
அடுப்படிக்குள் தண்ணீர் வந்தது, கணுக்கால் அளவு.
போன் அடித்தேன். எடுத்தார், அதுவே ஆச்சரியம்.
"தெரியும் தங்கச்சி.
நாப்பதாயிரம் கொறைச்சது பின்ன எதுக்குன்னு நெனைச்சீக?"
கோபத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.
கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

தை பிறந்து தரை காய்ந்த பிறகு,
உச்சிவெயிலில்,
பக்கத்து மனைக்கு ஒரு புருசன் பெண்டாட்டியைக்
கூட்டிவந்தார்.
அந்தப் பெண் வேலியோரம் வந்து
"இங்க தண்ணி எப்படிக்கா?" என்றாள்.
நம்புவேல் என்னைப் பார்க்கவில்லை.
பனைகளை எண்ணுகிறவர் போல நின்றார்.
கார்த்திகை என் நாக்கு நுனிவரை வந்தது.
பக்கத்தில் ஒரு வீடு எழும்பினால்
வாய்க்கால் வெட்டச் சொல்லி மனுக் கொடுக்க
இன்னொரு கையெழுத்து ஆகுமே என்று
உள்ளே ஒரு கூட்டல் ஓடியது.
"நல்ல தண்ணி" என்றேன்.
செம்பில் மொண்டும் கொடுத்தேன்.
அண்ணாந்து குடித்துவிட்டு அவள் சிரித்தாள்.

போகும்போது அவர்
ஆளில்லாத ரோட்டில், தேவையே இல்லாமல்,
ஒரு தடவை
ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.